மஞ்சள் கயிறு கட்டிய கோழி

மூன்று வருடத்துக்கு முன்னால் கல்லறைத் திருநாள் சமயத்தில் எனக்கு விஷக் காய்ச்சல். பதினோரு நாள் படுக்கையில் கிடந்தேன். என் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமியின் கல்லறையைச் சுத்தம் செய்து மெழுகுவத்தி ஏற்ற ஆள் இல்லை. அவர் போன பிறகு ஒரு வருடம்கூட நான் அதைத் தவறவிட்டதில்லை. அன்று சாயங்காலம் கோயில் மணி அடித்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

நடக்கத் தெம்பு வந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். யாரோ புல்லைப் பிடுங்கி, சிலுவைக்கு வெள்ளை அடித்து, தலைமாட்டில் சாமந்தி வைத்திருந்தார்கள். பூ காய்ந்து போயிருந்தது. என் தங்கைதான் செய்திருப்பாள் என்று நினைத்து அவளுக்குப் போன் போட்டு நன்றி சொன்னேன். அவளும் எதற்கு என்று தெரியாமலே 'சரி சரி' என்றாள். அடுத்த தவக்காலத்தில்தான் எங்கள் மாதாகோயில் உபதேசியார் சந்தியாகு பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"உன் பக்கத்து வூட்டு அம்சவல்லிதாம்மா வந்துச்சு. எங்க செருப்ப கழட்டணும்னு என்னாண்ட கேட்டுச்சு. இங்கல்லாம் கழட்ட வேணாம்மா, முள்ளு கீதுன்னேன். கேக்கல. கேட்டுக்கு வெளியவே வுட்டுட்டு முள்ளுமேலயே நடந்து போச்சு."

அம்சவல்லி என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. அவள் சொல்லாததை நானும் கேட்கவில்லை. அன்றைக்கு வைத்த மீன் குழம்பில் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இன்னாக்கா விசேஷம்?" என்றாள். "ஒண்ணுமில்ல, மீனு நல்லா இருந்துச்சு" என்றேன். அவ்வளவுதான்.

படவேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் ஐந்தாவது வரைக்கும் படித்து, ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். பேருந்தின் பலகையைப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வண்டி எங்கே போகும் என்று அதன் ஆரன் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். கண்ணமங்கலத்துக்கு அப்பால் ஒரு ஊரில் பிறந்து, பத்தொன்பது வயதில் மணிவேலைக் கட்டிக்கொண்டு வந்தவள். மணிவேல் வாழைத் தோட்டங்களில் தார் சுமந்து லாரியில் ஏற்றுகிறவர். சுமந்து சுமந்து அவருடைய வலது தோள் தாழ்ந்தே இருக்கும். அம்சவல்லி செவ்வாயும் வெள்ளியும் அம்மன் கோயில் வாசலில் கூடை வைத்து எலுமிச்சம்பழம், நெய்விளக்கு, மஞ்சள் கயிறு விற்பாள். மற்ற நாளில் கழனி வேலை. அடிபட்ட பழத்தை எடுத்துத் தனியாகப் போட்டுவிடுவாள். "சாமிக்குப் போறது, அழுகல குடுத்தா நல்லாவா இருக்கும்" என்பாள். அவர்களுக்கு ஒரே மகள், நதியா. கணியம்பாடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

போன வருடம் பங்குனியில் மணிவேலுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை, இருதயமும் பலவீனமாக இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வாரத்தில் திங்களும் வியாழனும் போய் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். அதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள்.

அந்த வாரமே அம்சவல்லி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். சேவல் நேர்ந்து விடுவதுதான் வழக்கம். அவளிடம் இருந்ததோ இன்னும் முட்டையிடாத ஒரே ஒரு வெடைக்கோழி. ஐந்து குஞ்சில் நான்கைக் கீரி தூக்கிக்கொண்டு போக, மிஞ்சியது. சாம்பலும் சிவப்பும் கலந்த நிறம். அதை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, காலில் மஞ்சள் கயிறு கட்டி, கிழக்கே பார்த்து நிற்கவைத்தாள்.

"தாயே, ஆடி மூணாம் வெள்ளிக்கு எம் புருசன் தன் கால்ல நடந்து உன் வாசப்படிக்கு வரணும். வந்தா இது உன்னுது."

அப்படி நேர்ந்து விட்ட கோழி அதற்குமேல் சாமியுடையது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அதை யாரும் விரட்டமாட்டார்கள். நெல் காயவைத்த பாயில் ஏறினாலும் கல் எடுக்கமாட்டார்கள். காலில் கட்டிய கயிற்றை மட்டும் யாரும் தொடக்கூடாது. அதை அறுத்தால் யாருக்காக வேண்டிக்கொண்டார்களோ அவருடைய உயிரை அறுத்ததுபோல என்பார்கள். சாமிக்குப் போய்ச் சேருமுன் அது சீக்கு வந்து செத்தாலும் வேண்டுதல் முறிந்துவிடும்.

ஒரு கயிறு கட்டினால் போதும். அம்சவல்லி ஒன்றோடு நிறுத்தவில்லை. வேலூருக்குப் போய் மணிவேலைப் பத்திரமாகத் திரும்பக் கூட்டிவந்த ஒவ்வொரு நாளும் கோழியின் காலில் இன்னொரு கயிறு சுற்றினாள். ஆனி மாதத்துக்குள் அந்தக் காலில் தடிமனாகக் கொலுசு போட்டதுபோல ஆகிவிட்டது.

"இத்தினி கயிறு எதுக்குடி?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு தபா அவரு திரும்பி வர்றப்பவும் ஒண்ணு கட்றேங்கா. அம்மா எத்தினி பேரத்தான் ஞாபகம் வெச்சிக்குவா? இத பாத்தா தெரியும் இல்ல" என்றாள்.

நேர்ந்து விட்டதற்குப் பெயர் வைக்கமாட்டார்கள். பெயர் வைத்தால் கொடுக்க மனசு வராது. மணிவேல்தான் அதற்கு 'கலெக்டர்' என்று பெயர் வைத்தார். கேட்காமல் எல்லார் வீட்டிலும் நுழைந்து பார்த்துவிட்டு வருகிறதாம். என் வீட்டுக்கும் தினம் வரும். தையல் மிஷின் அடியில் விழுந்த துணித்துண்டுகளைச் சீய்த்துப் பார்க்கும். மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும். எதிர்வீட்டு வசந்தி வாசலிலிருந்தே கேட்பாள்: "ஜெபாக்கா, அது எந்த சாமிக்கு நேந்து வுட்டதுன்னே அதுக்கு மறந்து போச்சு போல. அடுத்த மாசம் பூசைக்கும் இட்டுனு போய்டு."

பகலில் மணிவேல் கட்டிலில் படுத்திருப்பார். கோழி கட்டில் காலடியில் மண்ணைக் குடைந்து உட்காரும். அவர் தன் தட்டிலிருந்து சோற்றை எடுத்து ஒவ்வொரு பருக்கையாகப் போடுவார். ஒருநாள் ரவிக்கை கொடுக்கப் போனபோது அவர் அதனோடு பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"நான் நடந்தா நீ போவணும். நீ நடந்தா நான் போவணும். இன்னா செய்யலாம், சொல்லு கலெக்டரே."

அம்சவல்லி அடுப்பண்டை இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். கரண்டி சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அவளும் அந்தக் கோழியிடம் மனசைக் கொடுத்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். வேண்டிக்கொண்ட நாளிலிருந்து கோழிக்கறி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். மழை பெய்தால் அதைத் தூக்கிவந்து முந்தானையால் துடைப்பாள். ஆனால் ஆடி எப்போது வரும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டும் இருந்தாள். இரண்டையும் அவள் எப்படித்தான் ஒரே மனசில் வைத்திருந்தாளோ.

ஆடி இரண்டாம் வெள்ளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை. நான் பூசை முடிந்து வந்து முக்காட்டைக்கூட எடுக்கவில்லை; சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் வாயேன். கோழி ஒரு மாதிரி கீது."

மூலையில் இறக்கை இரண்டையும் தொங்கவிட்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடி நின்றது. இடையிடையே கழுத்தை நீட்டித் தலையை உதறியது. மூக்கிலிருந்து கோழை வடிந்தது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராக இருந்தது. முந்தின நாள் வரைக்கும் ஓடித் திரிந்த கோழி.

வசந்தி எட்டிப் பார்த்துவிட்டு மூக்கை மூடினாள். "வெள்ளக் கழிச்சல். சந்தேகமே இல்ல. எம் வூட்ல பதினாலு கோழி கீது அம்சா. நீ அத எங்கனா தூரமா கொண்டும் போய் வுடு."

"சாமி கோழிடி. எங்க வுடறது?"

"சாமி கோழின்னா கழிச்சல் வராதா? சாமிக்கே அம்மை வருது."

"வாய கழுவு" என்றாள் அம்சவல்லி. அவள் குரல் எழும்பவே இல்லை. முகம் வெளுத்துவிட்டது. வசந்தி தன் வீட்டுக்குப் போனாள். போய்ச் சின்ன வெங்காயமும் சீரகமும் கொண்டுவந்து கொடுத்தாள்.

கழிச்சலுக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். வெங்காயம், மிளகு, சீரகம், பூண்டு, கீழாநெல்லி எல்லாவற்றையும் அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டி வாயைத் திறந்து உள்ளே தள்ளினோம். கோழி விழுங்க முடியாமல் திணறித் தலையை உதறி வெளியே தள்ளியது. மறுபடி தள்ளினோம். ஆண்டவர் மன்னிக்கவேண்டும், மூன்று வேளை அப்படிச் செய்தோம்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் நின்னா போதுங்கா. அஞ்சே நாளு" என்றாள் அம்சவல்லி. கட்டிலில் மணிவேல் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர்கள் வேலூருக்குப் போகவேண்டிய நாள். விடியக்காலையில் கோழியைக் கூடையில் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். "உங்க மாதா படத்தண்டயே வெச்சிக்கக்கா. அது அங்கதான் சும்மா உக்காரும்" என்றாள்.

பத்து மணி வாக்கில் அதை மடியில் வைத்து ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றப் பார்த்தேன். தினமும் துணியைத் தடவித் தடவித் தைக்கிற கை. நூல் முடிச்சு எங்கே இருந்தாலும் விரலுக்குத் தெரியும். கோழியின் கழுத்தடியில், தீனி போய்ச் சேருகிற பையில், ஏதோ கட்டியாக உருண்டது. நேற்றிலிருந்து ஒன்றுமே தின்னாத கோழிக்கு அங்கே என்ன இருக்கும்? அழுத்தினால் ஈரத்துணியைச் சுருட்டி வைத்ததுபோல இருந்தது. வாயிலிருந்து புளித்த நாற்றம் வந்தது. அலகைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். நாக்குக்கு அடியில் ஒரு மஞ்சள் கோடு. நாக்கின் வேரைச் சுற்றிக்கொண்டு, இரண்டு முனையும் தொண்டைக்குள் இறங்கியிருந்தது.

நூல்.

அதன் காலைத் தூக்கிப் பார்த்தேன். கயிற்றுக் கொத்தில் பாதி பிரிந்து, பிசிறு பிசிறாகத் தொங்கியது. தொங்கியதைப் புழு என்று நினைத்ததோ என்னவோ, கொத்திக் கொத்தி விழுங்கியிருக்கிறது. கயிற்றுக்குக் கீழே காலும் வீங்கி, கத்தரிப்பூ நிறத்தில் கறுத்திருந்தது. அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நின்றுபோனது.

பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் வந்தார்கள். மணிவேலைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு அம்சவல்லி நேராக என் வீட்டுக்கு வந்தாள். அவள் கையில் புதுசாக ஒரு மஞ்சள் கயிறு இருந்தது, அன்றைக்குக் கட்டவேண்டியது.

"அது கழிச்சல் இல்ல அம்சா" என்று சொல்லி, அலகைத் திறந்து காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இரண்டு விரலால் அந்த நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். கோழி கத்தியது. அலகு ஓரம் இரத்தம் கசிந்தது. கையை எடுத்துவிட்டாள்.

"அறுத்துடலாமா?" என்றேன்.

"அக்கா." அந்த ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மணிவேல் குரல் வந்தது. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அறுத்து வுடு அம்சா. வாயில்லாத ஜீவன். அதுக்கு இன்னா தெரியும்?"

"நீ சும்மா படுய்யா" என்றாள். புதுக் கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு கோழியைத் தூக்கிப் போனாள்.

மறுநாள் காலை கண்ணமங்கலம் கால்நடை மருந்தகத்துக்குக் கிளம்பினோம். அறுக்காமல் எடுக்க டாக்டர் வழி வைத்திருப்பார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. கோழியைப் பைக்குள் வைத்துத் தலையை மட்டும் வெளியே விட்டிருந்தோம். கண்டக்டர் பையைப் பார்த்தார்.

"சேவலா, பெட்டையா?"

"பெட்டைங்க."

"அப்போ ஃப்ரீ. சேவலா இருந்தாத்தான் டிக்கெட்டு."

பேருந்தில் எல்லாரும் சிரித்தார்கள். வழக்கமாக இதற்கு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரிக்கிற அம்சவல்லி சன்னல் வெளியே மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சின்னப் பெண், நதியா வயதுதான் இருக்கும். கழுத்தடியைத் தொட்டதுமே சொல்லிவிட்டார். "யாரும்மா கழிச்சல்னு சொன்னது? தீனி உள்ள போவாத கோழிக்கு எச்சம் பச்சையாத்தான் போவும். காலைல தீனி போடறதுக்கு முன்ன இந்தப் பை காலியா இருக்கணும். அத தொட்டுப் பாத்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும். மிளகு உருண்ட வேற தள்ளினீங்களா? சரி, விடுங்க."

நாக்கடியில் நூலை வெட்டவேண்டும். பையை அரை விரல் அளவு கீறிக் கட்டியை எடுத்துத் தையல் போடவேண்டும். காலில் இருப்பதையும் முழுசாக வெட்டவேண்டும், இல்லாவிட்டால் கால் அழுகிவிடும் என்றார். இழுத்தால் வருமா என்று அம்சவல்லி கேட்டாள். இழுத்தால் குடல் அறுந்துபோகும் என்றார்.

"வெட்டலன்னா?"

"நாளைக்கு, இல்ல நாளன்னிக்கு செத்துடும்."

அம்சவல்லி மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறுத்தால் வேண்டுதல் போகும். அறுக்காவிட்டால் வெள்ளிக்குள் கோழி போகும், அப்போதும் வேண்டுதல் போகும். எப்படிப் போனாலும் கட்டிலில் கிடக்கிற மனுஷன்தான். டாக்டர் கத்தரியை எடுத்தார்.

"நீங்க வேணாம்மா" என்று அவர் கையைப் பிடித்துவிட்டாள். "உங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும். சாமி கயிறு. அந்தப் பழி உங்களுக்கு வேணாம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீ அறு. உன் சாமி வேற. அம்மா உன்ன ஒண்ணும் கேக்க மாட்டா."

என் சாமி வேறுதான். ஆனால் எனக்கும் அதே பயம்தான் இருந்தது. இன்னொருத்தியின் வேண்டுதலில் நான் எப்படிக் கை வைப்பேன்? நான் தயங்கியதை அவள் பார்த்தாள்.

"அறு அக்கா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் காலில் இருந்ததை அறுத்தேன். முப்பது கயிறும் ஒரே வெட்டில் வரவில்லை. நாலைந்து தடவை வெட்டவேண்டியிருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் தோள் அசைந்தது. பிறகு டாக்டர் அலகை விரித்துப் பிடிக்க, நாக்கடி நூலையும் நான்தான் வெட்டினேன். மற்றதை டாக்டர் செய்தார். பையைக் கீறி எடுத்தது எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. ஈர நூல், வைக்கோல், நாங்கள் தள்ளிய மிளகு. டாக்டர் அதைக் குப்பைக் கூடையில் போடப் போனார். அம்சவல்லி முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். கால் கயிற்றையும் பொறுக்கி அதே முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மணிவேலின் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

கோழி பிழைத்தது. புதன்கிழமை கஞ்சித் தண்ணீர் குடித்தது. வியாழக்கிழமை அவர் வேலூரிலிருந்து வந்து படுத்ததும் எழுந்து நொண்டியபடி கட்டில் காலடிக்குப் போனது. மணிவேல் அதன் கழுத்துத் தையலைத் தடவிப் பார்த்து, "எனக்குக் கையில ஊசி, உனக்குக் கழுத்துல" என்றார்.

ஆடி மூன்றாம் வெள்ளி ஆட்டோ வைத்துப் போனோம். கூடையை வைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். மணிவேல் இறங்கி, அம்சவல்லியின் தோளைப் பிடித்து, நின்று நின்று, வாசற்படி வரைக்கும் தன் காலால் நடந்தார். அவள் கேட்டது நடந்துவிட்டது. இனி அவள் கொடுக்கவேண்டியதுதான். பூசாரி கூடையைத் திறந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? கழுத்துல தையலு, கால் நொண்டுது, கயிறு காணோம். ஊனமானது அம்மாவுக்கு ஆவாது. வேற கொண்டா."

கூட வந்திருந்த வசந்தி உடனே சொன்னாள்: "எம் வூட்டுச் சேவல் ஒண்ணு எட்தாறேன் அம்சா. பத்து நிமிசம்."

அம்சவல்லி தலையை அசைத்துவிட்டாள். "வேணாம் வசந்தி. அவரு உசிருக்கு இதத்தான் கட்டினேன். மாத்திக் குடுத்தா பொய்யா போய்டும்." உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழத்தை மட்டும் வைத்துவிட்டு வந்தாள். மணிவேலுக்கு ஒரே சந்தோஷம். "கலெக்டருக்கு லீவு குடுத்துட்டாங்க" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். வீடு வந்து சேரும் வரைக்கும் அவள் கூடையை மடியில் அழுத்திப் பிடித்தபடியே வந்தாள்.

ஆவணி இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை விடியற்காலையில், படுத்த வாக்கிலேயே அவர் மூச்சு நின்றது. இருதயம்தான் என்றார்கள். ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொன்னதுதான்.

நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். என் தோளில் அழுதாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் காரியம் முடிந்த பிறகு அவள் என் வீட்டுப்படி ஏறவில்லை. குழாயடியில் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவளாகப் பேசமாட்டாள். கோழி மட்டும் முன்போலவே வந்து மாதா படத்தடியில் உட்கார்ந்தது. கோயில் வாசலில் அவள் கூடையில் எலுமிச்சம்பழமும் விளக்கும் இருந்தன. மஞ்சள் கயிறு விற்பதை நிறுத்திவிட்டாள்.

தைக்க உட்கார்ந்தால் கத்தரியை எடுக்கக் கை வராது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். "வாயில்லா உயிருக்கு இரக்கம் செய்திருக்கிறாய், இதில் பாவம் இல்லை" என்றார். அது எனக்கும் தெரியும். மணிவேலின் இருதயத்துக்கும் கோழிக்காலில் இருந்த கயிற்றுக்கும் ஒட்டு இல்லை என்பதும் தெரியும். ஆனால் அவள் அப்படி நம்பவில்லையே. நான் கயிற்றை அறுத்தேன், ஒரு மாதத்தில் அவள் புருஷன் போய்விட்டார். அவள் கணக்கில் நான் என்னவாக இருக்கிறேன் என்று அவள் வாயால் கேட்டால்தான் எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கும். கேட்கவும் பயம். ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் நடுவில் அந்தக் கத்தரிச் சத்தம் கேட்டது.

கார்த்திகை பிறந்ததும் நதியா வந்து அம்மாவைக் கணியம்பாடிக்கே கூட்டிப்போக ஏற்பாடு செய்தாள். அவர்கள் இருப்பது மாடி வீடு. கோழி வளர்க்க இடமில்லை. கிளம்புகிற அன்று காலையில் அம்சவல்லி கோழியைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். மூன்று மாதத்தில் அன்றுதான் உள்ளே வந்தாள். கோழியை மிஷின் பக்கத்தில் இறக்கிவிட்டாள். என் கையைப் பிடித்துக் கோழியின் கழுத்தடியில் வைத்து, "காலைல தீனி போடறதுக்கு முன்ன இங்க தொட்டுப் பாரு. காலியா இருக்கணும்" என்றாள். கீழே கிடந்த நூல் துண்டுகளை எல்லாம் குனிந்து பொறுக்கி என் துணிப்பையில் போட்டாள்.

வெளியே நதியா, "எம்மா, பஸ்ஸு வந்துடும்" என்று கூப்பிட்டாள். அம்சவல்லி வாசல் வரைக்கும் போனாள். இப்போது விட்டால் இனி கேட்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

"அம்சா, அன்னிக்கு நான் அந்தக் கயிற..." என்று ஆரம்பித்தேன்.

அவள் திரும்பி நின்றாள். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். அழுது ஓய்ந்த முகம். கோபமே இல்லை.

"அறுக்க சொன்னது நானுக்கா. உன் கை வெட்டுச்சு, அவ்ளோதான். அம்மா கேட்டா என்னாண்டதான் கேப்பா, நான் பதில் சொல்லிக்கிறேன். நீ அத சொமக்காத. இத்தினி நாளு உம் மூஞ்ச பாத்தா இத சொல்ல முடியாம அழுதுடுவேன்னுதான் வரல. நீ நேரத்துக்கு சாப்ட்டு தூங்கு. நான் போய்ட்டு வர்றேன்."